தீத்தொட்டியில் காய்த்த சிங்காரக் கொட்டை

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்தேன். பிறந்த ஊர் ஆமத்தூர்ப் பக்கம். கரிசல் காடு, பருத்தி, கம்பு, சோளம் என்று வளர்ந்தவள். புகுந்த வீட்டில் மாமனார் பட்டாசுக் கம்பெனி நடத்தினார். வீட்டு முற்றம் முழுக்கச் சிமெண்டுத் தரை. ஒரு துளசிச் செடி தவிரப் பச்சை என்று கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய குறை. யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பெண் வந்ததும் வராததுமாக, "உங்கள் வீட்டில் செடி இல்லை" என்று சொல்ல முடியுமா?

தீபாவளி முடிந்த கையோடு என் கணவர் வடக்கே போவார். வியாபாரிகளைப் பார்த்து அடுத்த சீசனுக்கு ஆர்டர் பிடித்து வருவது அவருடைய பொறுப்பு. கல்யாணமான முதல் வருஷம் அவர் அப்படிக் கல்கத்தா போயிருந்தபோது எனக்கு மசக்கை. எதைத் தின்றாலும் தங்கவில்லை. மிளகு ரசம் தங்கவில்லை, மோர் தங்கவில்லை. மாமியார் பாவம், அடுப்படிக்கும் எனக்குமாக அலைந்து ஓய்ந்துபோனார்.

என் கணவர் ஊர் திரும்பியபோது பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். மாமியார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். உள்ளே கன்னங்கரேல் என்று, இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த கொட்டைகள்.

"ஏலே, என்னதுலே இது? எருமைத் தலையைச் சின்னதாக்கிக் காயப்போட்ட மாதிரில்ல இருக்கு?"

"இந்தியில சிங்காடாம்மா. அங்கன தெருவுக்குத் தெரு அவிச்சு வச்சு விக்கிறாக. தண்ணிக்குள்ள விளையுற காய். நம்ம பக்கத்து ஆளுக சிங்காரக் கொட்டைன்னு சொல்லுவாக."

"இதுல சிங்காரம் எங்கன இருக்கு?"

கொம்பைப் பிடித்துக்கொண்டு மேலோட்டைப் பல்லால் கடித்துப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு பருப்பு. பனங்கிழங்கின் மாவும், அவித்த நிலக்கடலையின் ஈரமும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. லேசான இனிப்பு. ஒன்று தின்றேன். தங்கியது. இன்னொன்று தின்றேன். அதுவும் தங்கியது. அன்று சாயந்திரத்துக்குள் பொட்டலம் காலி. மாமியார் என்னையும் மிச்சமிருந்த ஓடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொம்பையும் தின்னுட்டியோன்னு பயந்துட்டேன் தாயி" என்றார்.

எங்கள் ஊரில் புதுசாக ஒரு காய் தின்றால், அதன் விதை ஒன்றையாவது மண்ணில் ஊன்றிப் பார்க்காமல் விட மாட்டோம். நான் கணவரிடம் கேட்டேன். "இது எப்படி முளைக்கும்? அவிச்சதைக் கொண்டாந்தா எப்படி நடுறது? அடுத்த தடவை பச்சையா கொண்டாங்க."

"இந்த ஊர்லயா? குடிக்கவே வண்டியில தண்ணி வருது. தண்ணிக்குள்ள விளையுறதை எங்கன வச்சு விளைய வைப்ப?"

"நீங்க கொண்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

மறு வருஷம் கொண்டுவந்தார். அப்போது என் மகள் இடுப்பில் இருந்தாள். துணிப் பையில் பச்சைக் காய்கள், சிவப்பும் பச்சையுமாக. ஆனால் ரயில் பிரயாணத்தில் தோல் சுருங்கி, பழுப்பேறிப் போயிருந்தன. தண்ணீரில் போட்டேன். எல்லாம் மிதந்தன. மிதக்கிற விதை பொக்கு என்று விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ஆசை விடவில்லை. பானையில் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். நாற்றம் எடுத்ததும் மாமியார் பானையோடு தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

அதற்கும் அடுத்த வருஷம் என் கணவர் அந்தக் கொட்டை விற்கிறவரிடமே நின்று விசாரித்திருக்கிறார். "காயவே விடக் கூடாது. காய்ந்தால் செத்துவிடும். குளத்தில் தானாக உதிர்ந்து, சேற்றுக்குள் கிடந்து, அடுத்த கோடைக்கு முன்னால் முளைக்கிற ஜாதி இது" என்று அவர் சொன்னாராம். உடனே என் கணவர் குடிதண்ணீருக்கு வைத்திருந்த பித்தளைக் கூஜாவைக் கவிழ்த்துக் காலி செய்து, நல்ல முற்றின காய்களாகப் பார்த்துப் போட்டு, குளத்துத் தண்ணீரை ஊற்றித் திருகு மூடியை இறுக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

ரயிலில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெயில் ஏறியதும் எதிரே இருந்த ஒரு பெரியவர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவர் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டே "தண்ணி இல்லைங்க" என்றிருக்கிறார். கூஜாவோ குலுங்கும்போதெல்லாம் களக் களக் என்று சத்தம் போடுகிறது. பெட்டி முழுக்க இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். தாகத்துக்குத் தண்ணீர் தராத மனுஷனும் உண்டா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் இவர் மூடியைத் திருகித் திறந்து காட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்த ஒரு அம்மாள், "நண்டா?" என்று கேட்டுவிட்டுக் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாராம்.

விஷயத்தைச் சொன்னதும் பெட்டியே மாறிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் யாராவது ஒருவர் கூஜாவை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் மாற்றிக் கொண்டுவந்தார்களாம். முதலில் தண்ணீர் கேட்ட பெரியவர்தான் அதிகம் இறங்கி ஏறினாராம். மெட்ராஸில் இறங்கும்போது, "முளைச்சா நல்லது" என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறார்.

எங்கள் கொல்லையில் ஒரு பழைய கல்தொட்டி கிடந்தது. முன்பு மாடு இருந்தபோது தண்ணீர் காட்டியது. என் அண்ணன் ஊரிலிருந்து வரும்போது கண்மாய்க் கரம்பை ஒரு சாக்கு கொண்டுவந்து கொடுத்தார். கண்மாய் வற்றினதும் அள்ளுகிற வண்டல் அது. வெண்ணெய் மாதிரி இருக்கும். தொட்டியில் அதைக் கொட்டி, தண்ணீர் விட்டு, தெளிந்த பிறகு காய்களை ஒவ்வொன்றாக விட்டேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. கல் விழுவதுபோல் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? இடுப்பில் இருந்த மகளிடம்தான் சொன்னேன்.

மார்கழி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தை கடைசியில் ஒருநாள், இரண்டு கொம்புக்கும் நடுவே வாய் மாதிரி இருக்கிற இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை வெளியே வந்திருந்தது. வேர் என்றால் கீழேதானே போக வேண்டும்? இது மேலே பார்க்க நீண்டது. அப்புறம்தான் வளைந்து சேற்றைத் தேடிப் போயிற்று. கூடவே இன்னொரு இழை தண்ணீரின் மேல்மட்டத்தைப் பார்த்து ஏறியது. நூல் மாதிரி மெல்லிய தண்டு. அதில் கணுவுக்குக் கணு பச்சையாக, கோழி இறகு மாதிரி எதுவோ முளைத்தது. அது இலையா வேரா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்தான்.

மேல்மட்டத்தைத் தொட்டதும் செடியின் குணமே மாறிவிட்டது. ஓரத்தில் பல் வைத்த சாய்சதுர இலைகள் வட்டமாக அடுக்கிக்கொண்டு விரிந்தன. அப்படியே ஒரு தரைச்சக்கரம் சுற்றி நின்ற மாதிரி. இலைக்காம்பு ஒவ்வொன்றும் நடுவில் உப்பியிருக்கும். அமுக்கிப் பார்த்தால் உள்ளே காற்று. கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்களே, அதே ஏற்பாடு. யாரும் கட்டிவிடாமல் தானே கட்டிக்கொண்டு மிதந்தது.

பங்குனி பிறந்ததும் சோதனை ஆரம்பித்தது. தெருக் கிணறு வற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வண்டிக்காரர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டும். மாமியார் கொல்லைக்கு வந்து தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"ஏத்தா, மனுசருக்கே அளந்து ஊத்துறோம். இந்த எருமைத் தலைக்குத் தொட்டி நிறையத் தண்ணியா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்று முழுக்க யோசித்தேன். இந்த ஊரில் எந்தக் கோடையிலும் குறையாமல் தண்ணீர் நிற்கிற இடம் எது? யோசித்துக்கொண்டே மாமனாருக்குச் சாப்பாடு பரிமாறியபோது பட்டென்று தோன்றியது. கம்பெனியில் தீ பிடித்தால் அணைப்பதற்கென்று கட்டிய தொட்டிகள்! வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தத் தொட்டிகள் விளிம்பு தட்டி நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் மாமனார் அப்படித்தான் வைத்திருப்பார். ஊர் உலகத்துக்கெல்லாம் மத்தாப்பு விற்கிற அவருக்கு, அடுப்பைத் தவிர வேறு எங்கே நெருப்பைக் கண்டாலும் ஆகாது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"கம்பெனித் தொட்டியில ஒரு ஓரமா நம்ம செடியை விட்டுக்கிறட்டா?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "அது தீக்குன்னு வச்சிருக்கிற தொட்டிம்மா. அதுல போய் செடியா? ஆத்திர அவசரத்துக்கு வாளியை முக்குனா தண்ணி வருமா, கீரை வருமா?"

நான் ரசத்தை ஊற்றினேன். மாமியார்தான் எனக்காகப் பேசினார். எனக்காகவா, தம் கொல்லைக்காகவா என்று தெரியாது. "அந்தக் காகிதம் வெட்டுற கொட்டடிகிட்ட பழைய தொட்டி ஒண்ணு சும்மாதான கெடக்கு? பக்கத்துலயே புதுசு கட்டியாச்சுல்ல? அதுல போட்டுட்டுப் போகட்டும். என் கொல்லையை விட்டுப் போனா எனக்கு அம்புட்டுப் போதும்."

மாமனார் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். வெடிமருந்து வாசமே படாத அந்தப் பழைய தொட்டியில் மட்டும் விடலாம். குறுக்கே மூங்கில் கட்டிச் செடியை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். மற்ற பக்கம் வாளிக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். "ஆவணி கழியுறதுக்குள்ள காய்க்கணும். காய்க்கலேன்னா நீயே உன் கையால புடுங்கிரணும். சரிதானா?"

"சரி மாமா."

அப்படித்தான் செடி கரம்பைச் சேற்றோடு கம்பெனிக்குப் போயிற்று. செடியைப் பார்க்கிற சாக்கில் நானும் போனேன். அதுவரைக்கும் அந்தக் காம்பவுண்டுக்குள் ஆயுத பூஜை அன்றுதான் போயிருக்கிறேன். இப்போது தினமும் காலையில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய், தொட்டியைப் பார்த்துவிட்டு, காகிதக் கொட்டடியில் லேபிள் அடுக்குகிற வேலையும் செய்ய ஆரம்பித்தேன். அங்கே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற அக்கா ஒருவர் இருந்தார். இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியோடு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து செடிக்கு வர்ணனை சொல்வார். "இன்னைக்கு ரெண்டு சக்கரம் கூடியிருக்கு. பொம்பளைப் பிள்ளை மாதிரி, பாத்துக்கிட்டிருக்கையிலயே வளருது."

வைகாசியில் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்டு. பூச்சி மருந்தடிக்கலாம் என்றால் அது தீத்தொட்டி, தண்ணீரில் எதுவும் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினோம். அந்த அக்கா பொறுக்கும்போது ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு வசவு வைத்துத்தான் எடுப்பார். ஒருவழியாக வண்டு ஒழிந்தது. ஆடியில் பூ வந்தது.

சாயந்திரம் வேலை முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரம். இலைச் சக்கரத்தின் நடுவிலிருந்து நாலு இதழோடு வெள்ளையாக, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பூ தண்ணீருக்கு மேலே நின்றது. மறுநாள் போனால் காணோம். வேறு இடத்தில் இன்னொன்று. இப்படி ஆவணி வரைக்கும் பூத்தது. பூத்த இடத்திலெல்லாம் காயைத் தேடினேன். வெண்டைக்கும் கத்தரிக்கும் பூ இருந்த இடத்தில்தானே பிஞ்சு நிற்கும்? இங்கே பிஞ்சும் இல்லை, பூக்காம்பும் இல்லை. குழாய் சுற்றுகிற அக்காவே நம்பிக்கை இழந்தார். "பூவைக் காட்டிட்டு ஏமாத்துது தாயி. இது வடக்கத்திச் செடி. நம்ம தண்ணி பிடிக்கல."

ஆவணி கழிந்தது. மாமனார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. சொன்ன வார்த்தை வார்த்தைதானே? ஒருநாள் காலையில் முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, கிட்ட இருந்த ஒரு சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுத் தண்டைப் பிடித்து இழுத்தேன்.

சுருக்கென்று குத்தியது. தேள்தான் கொட்டிவிட்டது என்று நினைத்து "ஐயோ!" என்று கத்தியபடி கையை உதறினேன். உதறின வேகத்தில் சக்கரம் குப்புறக் கவிழ்ந்தது. அதன் அடிவயிற்றில், தண்ணீர் சொட்டச் சொட்ட, பச்சையும் சிவப்புமாகக் கொம்பு வைத்த காய்கள் தொங்கின! ஒன்று இல்லை, சுற்றி வரத் தொங்கின. பூ வாடினதும் காம்பு தலையைக் குனிந்து தண்ணீருக்குள் போய்விடுகிறது. இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு அங்கேதான் காய்க்கிறது. நான் இரண்டு மாதமாக மேலே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் பலமாகக் கத்தினேன். இந்த முறை சந்தோஷத்தில்.

பட்டாசுக் கம்பெனியில் யாரும் சும்மா கத்தக் கூடாது. கொட்டடிக் கதவெல்லாம் படபடவென்று திறந்தன. சொல்லிக் கொடுத்திருந்தபடி பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்து ஓடினார்கள். ஆண்கள் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடிவந்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் கிடக்க, "எங்கனம்மா? எங்கன?" என்று கேட்டபடி ஓடிவந்தார்.

நான் விரலில் ரத்தத்தோடு, கையில் ஒரு காயோடு நின்றேன். "காய்ச்சிருக்கு மாமா."

மணல் வாளிகள் மெதுவாகக் கீழே இறங்கின. மாமனாருக்கு மூச்சு வாங்கியது. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பெண்களும் ஒருவர் விடாமல் வரிசையாக நின்றார்கள்.

"பரவாயில்ல. சொல்லிக் குடுத்ததை ஒருத்தரும் மறக்கல" என்றார். அப்புறம் என் கையிலிருந்த காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படிம்மா திங்கிறது?"

உரித்துக் கொடுத்தேன். பச்சையாகத் தின்றால் அது வேறு ருசி. பால் பிடித்த பிஞ்சுக் கடலையும் நுங்கும் கலந்த மாதிரி, கடித்தால் நறுக் என்று தண்ணீர் தெறிக்கும். மாமனார் மென்று முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். செடியைப் பிடுங்குகிற பேச்சு அதோடு போயிற்று.

ஆனால் தீத்தொட்டியில் செடி இருக்கிற வம்பு மட்டும் போகவில்லை. தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது, வெடிமருந்துக் கம்பெனிகளைச் சோதனை போடுகிற அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வங்காளத்துக்காரர். தமிழ் தெரியாது. என் கணவர்தான் தமக்குத் தெரிந்த வியாபார இந்தியில் இரண்டு பக்கமும் பேசிச் சமாளித்தார். அதிகாரி ஒவ்வொரு தொட்டியாக வாளியை முக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பழைய தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மாமனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் லேபிள் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"பானிபல்!" என்றார் அதிகாரி.

"என்னலே சொல்றாரு?" என்று மாமனார் கிசுகிசுத்தார்.

"தண்ணிப் பளம்னு சொல்றாருப்பா. அவுக ஊர்ல இதுக்கு அதான் பேரு."

அதிகாரி சட்டைக் கையைச் சுருட்டினார். என்னைப்போல் தடுமாறவில்லை. ஒரு சக்கரத்தை லாகவமாகத் தூக்கித் திருப்பினார். கொம்பில் கை படாமல் ஒரு காயைத் திருகினார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு தின்ன ஆரம்பித்தார். தின்றுகொண்டே பேசினார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் குளம் முழுக்க இதுதானாம். அம்மா விரத நாளில் இதைக் காயவைத்து மாவாக்கி அல்வா கிண்டுவாராம். தெற்கே வந்து எத்தனையோ வருஷமாயிற்று, கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றாராம். யார் நட்டது என்று கேட்டார்.

என் கணவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே மாமனார், "என் மருமக" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் அதிகாரிக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் தின்று முடித்து, கையைத் துடைத்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டதும் அவர் மறுபடி அதிகாரியாகிவிட்டார். தீத்தொட்டியில் செடி இருக்கவே கூடாது. அடுத்த தடவை வரும்போது இருந்தால் எழுத வேண்டிவரும். இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, செடியைக் கொன்றுவிடாதீர்கள், வேறு இடம் பார்த்து வையுங்கள் என்றும் சொன்னார். நான் ஒரு ஓலைக்கொட்டானில் காய் நிறைத்துக் கொடுத்தனுப்பினேன். அவர் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

"சோதனைக்கு வந்த எடத்துல எதையும் வாங்கிட்டுப் போகக் கூடாதாம்" என்றார் என் கணவர்.

"தின்னது?" என்று மாமனார் கேட்டார்.

"அது சோதனையில சேந்ததாம்."

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசி லோடு ஏறினதும் காய்களை எல்லாம் பறித்தோம். கம்பெனிக்குள் அடுப்பு மூட்ட முடியாது. அதனால் வீட்டில் பெரிய அண்டாவில் அவித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கொம்பை ஒடித்து ஒடித்துத் தின்றார்கள். குழாய் சுற்றுகிற அக்கா முதல் காயைத் தின்றுவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன், இது நல்ல செடின்னு" என்றார். மிச்சத்தை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டு, சேப்பங்கிழங்குக்கு வைக்கிற மாதிரி புளிக்குழம்பு வைத்தார். அதிலே போட்டால் கல்லாகிவிடும், கரைந்துவிடும் என்று ஆளுக்கொன்று சொன்னோம். கல்லாகவும் இல்லை, கரையவும் இல்லை. புளியையும் பூண்டையும் நன்றாக இழுத்துக்கொண்டு, மறுநாள் பழையதுக்கு இன்னும் ருசித்தது. அதற்கப்புறம் அது எங்கள் வீட்டுக் குழம்பாகவே ஆகிவிட்டது.

கார்த்திகையில் மாமனார் கொத்தனாரை வரவழைத்து, காம்பவுண்டின் பின்பக்கம், கம்பெனிக் கிணற்றில் இறைக்கிற தண்ணீர் வழிந்து ஓடுகிற இடத்தில் செடிக்கென்றே ஒரு தொட்டி கட்டினார். இடுப்பளவு ஆழம். என் அண்ணன் இரண்டு வண்டி கரம்பை கொண்டுவந்து கொட்டினார். எல்லாத் தொட்டிகளுக்கும் சிவப்பில் "தீ" என்று எழுதுகிற பெயிண்டரிடம், இதற்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். பழைய தொட்டியைக் கழுவும்போது சேற்றில் உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கி அதில் போட்டோம்.

தை கழிந்து ஒருநாள் நானும் மகளும் போய்ப் பார்த்தோம். சேற்றிலிருந்து வெள்ளை இழைகள் மேலே வந்துகொண்டிருந்தன. மகள் எண்ண ஆரம்பித்தாள். அவளுக்குப் பத்துவரைதான் தெரியும். பத்துக்கு மேல் போனதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.